உய்சியே போன விலாசம்

எங்கள் அலுவலகத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி ஜெனி கேட்டார். அவர் இப்போது அங்கே பொறுப்பாளர். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவன். "அங்கிள், புதுசா வந்த பிள்ளையளுக்கு உய்சியே கேஸ் எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியேல்லை. போனிலை ஏஐயிட்டைக் கேட்டு, வாற கடிதத்தை அப்பிடியே பிரிண்ட் அடிச்சு அனுப்புகினம். நீங்கள் செய்த வேலையை எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன் என்றேன். அதில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை.

உய்சியே என்பவர் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் அலுவலர். கடனுக்காக வீட்டுக் கதவைத் தட்டவும் வங்கிக் கணக்கை முடக்கவும் அதிகாரம் உள்ளவர். ஊரில் பிஸ்கால் என்போம். சில வருடங்களுக்கு முன் பிரெஞ்சு அரசாங்கம் அந்தப் பதவியின் பெயரை மாற்றியது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவரும் மாற்றவில்லை. கடிதவுறையில் அந்த முத்திரையைக் கண்டால் இன்றைக்கும் "உய்சியே வந்திட்டான்" என்றுதான் சனம் சொல்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிறர் எழுதியதை வெட்டுவதும் தலைப்பிடுவதும் வேலை. பாரிசுக்கு வந்த பிறகு பகலில் உணவகங்களில் கோப்பை கழுவினேன், மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். இங்கே வெளிவந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் கொஞ்சக் காலம் இருந்தேன். அது நின்றுபோனதும், லா சப்பல் மெத்ரோவுக்குப் பின்னால் ஒரு சேலைக்கடையின் மாடியில் இருந்த இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். கடிதம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்வது, பதில் எழுதுவது, விண்ணப்பம் நிரப்புவது. இரண்டு மேசைகள். உள்ளே கண்ணாடி அடைத்த ஓர் அறை. அந்த அறையில் மதாம் இருந்தார்.

மதாம் என்று எல்லோரும் அழைத்த பிலோமினா மன்னாரைச் சேர்ந்தவர். ஒரு பிரெஞ்சு வழக்கறிஞரிடம் நீண்ட காலம் செயலாளராக இருந்துவிட்டு வந்தவர். ஹீற்றர் எரிந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கடிதங்களைக் கீழிருந்து மேலே வாசிப்பார். முதலில் கையெழுத்து. அடுத்து இணைப்புகளின் விபரம். அதற்குப் பிறகு கடைசிப் பந்தி. நாங்கள் என்ன கேட்கிறோம் என்பது அந்தப் பந்தியில் ஒரே வசனத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கு மேலே கண் போகாது. தாளைத் திருப்பி, மேசை விளிம்பு வரைக்கும் ஒரு விரலால் தள்ளிவிடுவார். "குலம், இவைக்கு என்ன வேணும்?" என்பார். என் பெயர் குலசிங்கம். அந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லத் தொடங்கினால், "எனக்குச் சொல்லாதேங்கோ. கடிதத்துக்குச் சொல்லுங்கோ" என்பார்.

பாராட்டு அவரிடம் இல்லை. கடிதம் சரியாக இருந்தால் "அனுப்புங்கோ" என்று ஒரு சொல். பதிவுத் தபாலில் போட்டு, தபாலகம் தந்த துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால், தானே அதைப் பிரதியோடு சேர்த்துப் பின் அடிப்பார். வேறு ஒருவரையும் அடிக்க விடமாட்டார். அந்த "அனுப்புங்கோ"வுக்காக நான் வருடக்கணக்கில் வேலை செய்தேன் என்றால் அது மிகையில்லை.

உய்சியே விடயத்தில் எனக்கு லா சப்பலில் பெயர் கிடைத்தது ஒரு பல்பொருள் கடைக்காரரால். அவருக்கு வந்த கடிதத்தில் கடனோடு 'கோப்புக் கட்டணம்' என்று ஒரு தொகை சேர்த்திருந்தது. அவர் கட்டப் போன இடத்தில் நான் தடுத்தேன். நீதிமன்ற உத்தரவு ஒன்று கையில் இல்லாமல் கடனைக் கேட்டு எழுதும் கட்டத்தில், அந்தச் செலவு கடன் கொடுத்தவருடையது. கடனாளியிடம் கேட்க முடியாது. உத்தரவின் பிரதியைக் காட்டுங்கள் என்று ஒரே வசனத்தில் எழுதினேன். கட்டணம் காணாமல் போனது. அதற்குப் பிறகு முத்திரை குத்திய உறையோடு வருபவர்கள் படியேறும்போதே "குலம் அண்ணை இருக்கிறாரோ?" என்று கேட்டார்கள். மற்ற மேசைக்கு அந்த நேரத்தில் ஆளில்லை.

பிறகு ஜெனி வந்தார். பாரிசின் புறநகரான ஸ்தேனில் வளர்ந்தவர். மூன்றோ நாலோ வயதில் இங்கே வந்தவர். சட்டப் படிப்பைத் தொடங்கி இடையில் விட்டு, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர். அதாவது, நாங்கள் எழுதும் கடிதங்கள் போய்ச் சேரும் பக்கத்தில் இருந்து வந்தவர். தமிழ் பேசுவார். தமிழில் ஒரு பந்தி எழுதச் சொன்னால் முகம் சுருங்கும்.

நான் கவனித்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். நான் ஒரு உய்சியே அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், என் முதல் வசனம் முடியுமுன்பே "யார் நீங்கள், மிஸ்யூ?" என்று கேட்பார்கள். திரும்பச் சொல்லச் சொல்வார்கள். இசை போட்டுக் காத்திருக்க வைப்பார்கள். ஜெனி எடுத்தால் "வணக்கம் மதாம்" என்று தொடங்கி, கோப்பு எண் கேட்டு, உரியவரிடம் கொடுப்பார்கள். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான். சில தடவை அந்த வசனத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். அவர் பேசிக்கொண்டே நகத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் என் தாள்களை அடுக்குவேன். ஏற்கெனவே அடுக்கிய தாள்கள்.

சுதனின் கேஸ் வந்தது ஜெனி சேர்ந்த இரண்டாம் குளிர்காலத்தில். அவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர். எபினே என்ற புறநகரில் ஒரு அறையை இன்னொருவரோடு பகிர்ந்து இருந்தார். கலியாணம் முடிந்து மனைவி வவுனியாவில். அவரைக் கூப்பிடுவதற்கு முதல் தேவை வீடு. லெ பிளாங்-மெனிலில் ஒரு தமிழரின் சின்ன வீடு வாடகைக்குச் சரிவந்திருந்தது. முற்பணத்தைக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். அந்த வாரம் மெத்ரோ நிலையத்தில் மாதச் சீட்டுப் போடும்போது இயந்திரம் அவரது அட்டையை ஏற்கவில்லை. வங்கிக்குப் போனால், உய்சியே ஒருவர் கணக்கைப் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள்.

என் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னார். "அண்ணை, எனக்கு ஒரு கடிதமும் வரேல்லை. ஒருத்தரும் வரேல்லை. நேராக் காசிலை கை வைச்சிட்டாங்கள்."

"என்ன கடன் தம்பி?"

"பழைய ரெலிபோன் காசாம். நான் நம்பர் மாத்தேக்கை நிப்பாட்டினது எண்டு நினைச்சன். நிக்கேல்லைப் போல."

"வீட்டுக்காரர் எவ்வளவு நாள் பொறுப்பார்?"

"மாத முடிவு மட்டும். அதுக்குப் பிறகு வேறை ஆளுக்குக் குடுப்பன் எண்டிட்டார். அவரிலை பிழை இல்லை. வரிசையிலை ஆக்கள் நிக்கினம்."

தாளைப் பார்த்தேன். தொலைபேசிக் கடன் சின்னது. அதற்கு மேல் ஏறியிருந்த உய்சியே செலவு அதைப்போல மூன்று மடங்கு. அவ்வளவையும் பிடித்து வைத்துவிட்டார்கள். மிஞ்சியதில் முற்பணத்துக்குப் போதாது.

நான் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். சுதனின் உழைப்பு, காத்திருக்கும் மனைவி, கடனுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தமின்மை எல்லாம் அதில் இருந்தது. மதாம் கீழிருந்து வாசித்தார். கடைசிப் பந்தியில் 'இதைக் கருணையோடு மீள்பரிசீலிக்குமாறு' என்று இருந்தது. தாள் மேசை விளிம்புக்கு வந்தது.

"கருணைக்கு எவ்வளவு குறைப்பினம், குலம்?"

திருப்பி எழுதினேன். ஒவ்வொரு செலவும் எந்தச் செயலுக்கு, எந்தத் திகதியில், எந்தக் கட்டண விதியின் கீழ் என்று விபரம் கேட்டேன். "அனுப்புங்கோ" என்றார். பதில் வந்தது. ஒரு அட்டவணை. எல்லாம் அரச கட்டணப்படியே என்று ஒரு வசனம். அட்டவணையை வரிவரியாகப் பார்த்தேன். அச்சுப்பிழை திருத்தியவனுக்கு அட்டவணை புதிதல்ல. அதில் ஒரு வரி, வசூலித்த தொகையில் உய்சியே பெறும் பங்கு. அது கடன் கொடுத்த நிறுவனம் கொடுக்க வேண்டியது, கடனாளியின் தலையில் வைக்க முடியாது. எழுதினேன். அந்த வரியை நீக்கினார்கள். ஒரு சந்தோசம் இருந்தது. சுதனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "குறைஞ்சிருக்குத் தம்பி." அவர் தொகையைப் பார்த்தார். "ஓம் அண்ணை" என்றார். குறைந்தது போதாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ஜெனி அடுத்த மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதிரையைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தார். "அங்கிள், அவங்கள் எந்த விலாசத்துக்குப் போனவங்கள்?"

"என்ன எந்த விலாசம்?"

"இவ்வளவு ஆக்ட், நடவடிக்கை செய்திருக்கிறாங்கள். ஒவ்வொண்டுக்கும் ஆள் போயிருக்க வேணும். இவர் ஒருத்தரும் வரேல்லை எண்டுறார். அப்ப எங்கை போனவங்கள்?"

அட்டவணையில் செலவு இருந்தது, திகதி இருந்தது. விலாசம் இல்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

சுதன் யோசித்துச் சொன்னார். "முந்தி லா சப்பலிலை அத்தான் வீட்டை இருந்தனான். போன் எடுக்கேக்கை அந்த விலாசம்தான்." அத்தான் என்றது அவரது பெரியப்பா மகளின் கணவர், ஜெகன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார்.

"டக்கோர், சரி," என்றார் ஜெனி. "அவங்களிட்டை உங்களைப் பற்றி இருக்கிற எல்லாத்தையும் கேட்பம். அது உங்கட உரிமை. கொம்ப்யூட்டரிலை என்ன எழுதி வைச்சிருக்கிறாங்கள், ஆர் சொன்னது, ஆருக்குக் குடுத்தது, எல்லாம்."

"அதுக்கு அவைக்கு ஒரு மாதம் நேரம் இருக்கு," என்றேன். சட்டம் எனக்கும் தெரியும் என்று காட்டுவதற்காகவும் சொன்னேன்.

"கேட்டுப் பார்ப்பம் அங்கிள். கேக்காட்டி ஒரு மாதத்திலையும் வராது."

கடிதத்தை அவர்தான் எழுதினார். அரைப் பக்கம். என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தரவுகள் அனைத்தினதும் பிரதி, அவை கிடைத்த மூலம், பெற்றுக்கொண்டவர்கள். அடையாள அட்டையின் நகல் இணைப்பு. மதாம் அதைக் கீழிருந்து வாசித்தார். மேலே போனார். உச்சி வரைக்கும் போனார். பிறகு எழும்பி, சுவரோரம் இருந்த ஒரு கதிரையை எடுத்துக்கொண்டுவந்து ஜெனியின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தார். "தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பா ஒருத்தர் அவையிட்டை இருப்பார். அவருக்குத் தனியா ஒரு பிரதி போடு. பிறகு ரெலிபோன் எடு," என்றார். இரண்டு பேரும் தலையைக் குனிந்து ஒரே தாளைப் பார்த்தார்கள்.

நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் மதாம் என் மேசைக்குக் கதிரை கொண்டுவந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கதிரையின் கால் நிலத்தில் உரசிய சத்தம் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. பின்னேரம் அதைத் திருப்பிச் சுவரோரம் வைத்தவன் நான்.

இடையில் மதாம் நீதிமன்ற வழியையும் தயாராக வைத்திருந்தார். கணக்கு முடக்கத்தை எதிர்ப்பதற்குக் காலக்கெடு உண்டு. எதிர்க்கும் பத்திரத்தை மறுபக்கத்துக்கு இன்னொரு உய்சியே மூலமாகத்தான் சேர்ப்பிக்க வேண்டும். சுதனுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"உய்சியேயை எதிர்க்க இன்னொரு உய்சியேயைப் பிடிக்கிறதோ?"

"ஓம்," என்றார் மதாம்.

"அவருக்கும் காசோ?"

"அவர் என்ன, கோயில் திருவிழாவுக்கே வாறார்?"

பத்து நாள் அளவில் தரவுகள் வந்தன. ஜெனி தொலைபேசியில் கரைச்சல் கொடுத்த பலன். உய்சியே அலுவலகத்தின் கணினித் திரையை அப்படியே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கடிதத்தில் எழுதுகிற மொழி அதில் இல்லை. அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் சுருக்கக் குறிப்புகள். ஜெனி பிரதி எடுத்து ஒன்றை என்னிடமும் தந்தார். பக்கத்தைக் கண்ணால் வருடிப் பிசகான இடத்தில் நிற்பது எனக்குப் பழக்கம். ஜெனி முதல் பக்கத்தில் இருக்கும்போது நான் அந்த வரியில் நின்றேன்.

நீதிமன்ற உத்தரவைக் கொண்டு உய்சியே லா சப்பல் வீட்டுக்குப் போயிருக்கிறார். தபால்பெட்டியில் சுதனின் பெயர் இருந்தது என்று குறித்திருக்கிறார். கதவைத் திறந்தவர், சுதன் இங்கேதான் வசிக்கிறார், இப்போது வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னதாகவும் குறித்திருக்கிறார். கதவைத் திறந்தவரின் பெயரும் இருந்தது. ஜெகன்.

பிரான்சில் நம்மவர் எவரும் இந்த வரியை ஒருமுறை வாசித்தால் விளங்கிக்கொள்வர். புதிதாக வந்த ஒருவருக்குக் கடிதம் வர ஒரு விலாசம் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தன் தபால்பெட்டியில் அவரது பெயரை ஒட்டிக்கொள்வார். அன்றைக்கே வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்படும்: ஆர் வந்து கேட்டாலும் ஆள் இஞ்சைதான் இருக்கிறார், இப்ப வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லுங்கோ. ஏனென்றால் வருபவர் விசாக் கந்தோரில் இருந்து விலாசம் சரிபார்க்க வந்தவராக இருக்கலாம். இல்லை என்று சொன்னால் அந்த ஆளின் விசா போய்விடும். வந்தவர் யார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஆள் வீடு மாறிப் போய் வருடங்களாகியும் பெயர் பெட்டியில் இருக்கும். பாடமும் மறக்காது.

நான் அந்த வரியை ஜெனிக்குக் காட்டினேன். "வீட்டிலை இருந்தவரே சொல்லியிருக்கிறார். உய்சியே செய்தது சரி எண்டாப் போச்சு. இதைக் கேட்டு வாங்கினது எங்களுக்கு எதிராத்தான் முடிஞ்சிருக்கு." என் குரல் அமைதியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது வேறு. கேஸ் தோற்கப் போகிறது என்பதைவிட, அவர் கேட்ட கோப்பினால் தோற்கப் போகிறது என்பது முதலில் தோன்றியது. கண்ணாடிக்கு அப்பால் மதாம் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். திரும்பக் குனிந்துகொண்டார்.

ஜெனி மற்றப் பக்கங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கிள், அந்த ஜெகன் அங்கிளைப் போய்ப் பார்ப்பமா? இவர் அங்கை இல்லை எண்டு எழுதித் தந்தா உதவும்," என்றார்.

போனோம். ஜெகன் கடையின் பின்பக்கம் முருங்கைக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். ஜெனி தான் விளக்குவதாகச் சொன்னார். சாட்சிக் கடிதம் கையால் எழுத வேண்டும், அடையாள அட்டை நகல் வேண்டும், பொய்யாக எழுதினால் தண்டனை உண்டு என்று தெரிந்தே எழுதுகிறேன் என்ற வசனம் வேண்டும் என்று முறைப்படி எல்லாவற்றையும் சொன்னார். தண்டனை என்ற இடத்தில் ஜெகனின் கை நின்றது.

"அப்ப நான் உய்சியேக்குப் பொய் சொன்னன் எண்டு என்ரை கையாலை எழுதித் தரச் சொல்லுறாய்?"

"பொய் எண்டு இல்லை அங்கிள், நீங்கள் அந்த நேரம்..."

"பிள்ளை, நீ இஞ்சை வளந்தனி. உனக்கு உது விளங்காது. நீ போய்க் கடைக்கு முன்னாலை நில்லு."

ஜெனி வெளியே போனார். முகம் சிவந்திருந்தது. நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தேன். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுதனோடு கதைக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லை. என்ரை மகளின்ரை சாமத்தியச் சடங்குக்கு வரேல்லை அவன். சொல்லி அனுப்பியும் வரேல்லை. அண்டையோடை விட்டிட்டன்."

"அவருக்கு வந்த கடிதங்கள்?"

"இருக்கு. பிரிஜ்ஜுக்கு மேலை. வந்தாக் குடுப்பம் எண்டு வைச்சனான். வரேல்லை."

"கதைக்காத ஆளுக்காண்டி, உய்சியேயிட்டை இஞ்சைதான் இருக்கிறார் எண்டு ஏன் சொன்னீங்கள்?"

ஜெகன் என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குலம் அண்ணை, கதைக்கிறேல்லை எண்டதுக்காண்டி அவன்ரை விசாவைக் கெடுக்கலாமோ?"

சுதனின் மனைவி வருவதற்கு அந்த வீடு வேண்டும், அந்த வீட்டுக்கு இந்தக் காசு வேண்டும் என்று சொன்னேன். லெ பிளாங்-மெனில் வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "உவனோ?" என்றார். பெட்டி அட்டையில் கையைத் துடைத்துவிட்டு, எழுதித் தந்தார். சுதன் எப்போது வீட்டைவிட்டுப் போனார், தான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டும். நான் வசனம் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரெஞ்சில் பிழைகள் இருந்தன. திருத்தவில்லை. திருத்தினால் அது அவருடையதாக இருக்காது. பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற மிக நல்ல விடயம் அது.

வெளியே ஜெனியிடம் தாளைக் காட்டினேன். வாசித்தார். "நீங்கள் கேட்டா எல்லாரும் சொல்லுகினம்," என்றார். அப்போது எனக்கு நல்ல மனநிலை. அலுவலகத்துக்கு நான் முன்னால் நடந்தேன்.

மதாம் அந்தத் தாளைக் கீழிருந்து வாசித்தார். இரண்டாம் தடவை மேலிருந்து வாசித்தார். அவர் அப்படி வாசித்து நான் கண்டதில்லை. பிறகு அதை மடித்து, தன் மேசை லாச்சியில் வைத்தார்.

"இதை அனுப்ப வேண்டாம்."

"ஏன் மதாம்?"

"இது போனா அந்த மனிசனுக்குத்தான் கேள்வி வரும். சனம் உதவி செய்யப் போய் மாட்டுப்பட வேண்டாம். ஜெனி, நீ கண்டதைச் சொல்லு."

ஜெனி கண்டது இதுதான். உத்தரவை ஜெகனிடம் கொடுத்துவிட்டு வந்த உய்சியே, பிறகு சுதனின் வங்கி எது என்று அரச பதிவேட்டில் விசாரித்திருக்கிறார். வந்த பதிலில் வங்கியின் பெயரோடு சுதனின் எபினே விலாசமும் இருந்தது. அது கணினியில் பதியப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் எச்சரிக்கைப் பத்திரம், பொருள் பறிக்கும் முயற்சி, பூட்டுத் திறப்பவரோடு போன பயணம் என்று ஒவ்வொன்றும் பழைய லா சப்பல் விலாசத்துக்கே. ஒவ்வொன்றுக்கும் கட்டணம். செலவு செய்த நேரத்திலேயே அது தேவையற்றது என்று வெளிப்படையாகத் தெரிந்தால், அதைக் கடனாளி கொடுக்க வேண்டியதில்லை என்கிறது சட்டம். சரியான விலாசம் கையில் இருக்கும்போது பிழையான கதவைத் தட்டியது தேவையற்ற செலவு. ஜெகன் சொன்னது அதற்கு முந்திய ஒரு நாளுக்கு மட்டும்தான் அவர்களைக் காப்பாற்றும்.

நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவன். எபினே என்ற சொல் அதில் இருந்தது. என் கண் அதில் நிற்கவில்லை. அது பிழையான வரி அல்ல, சரியான வரி. நான் பிழைகளில் நிற்கப் பழகியவன்.

"முதல் செலவையும் சேர்த்துக் கேட்கலாமா?" என்று ஜெனி கேட்டார்.

"எல்லாத்தையும் கேட்டா ஒண்டையும் தராயினம். பதிவேட்டுப் பதிலுக்குப் பிறகு நடந்ததை மட்டும் கேள். கடனையும் முதல் செலவையும் கட்டுறம் எண்டு எழுது. மிச்சக் காசை விடுவிக்கச் சொல். இல்லையெண்டா நீதிபதியிட்டைப் போறம் எண்டு ஒரு வசனம். கோபம் வேண்டாம்."

ஜெனி எழுதினார். மதாம் வாசித்தார். "அனுப்புங்கோ." பிறகு இன்னொரு சொல்லும் சொன்னார். "வடிவா இருக்கு."

நான் தபாலகத்துக்குப் போய் வந்தேன். துண்டை மதாமிடம் கொடுத்தேன். அவர் அதை ஜெனியிடம் நீட்டினார். "நீயே அடி." ஜெனி பின் அடித்தார். கொஞ்சம் சரிந்துதான் அடித்தார்.

உய்சியே அலுவலகம் பிழையை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. 'நல்லெண்ண அடிப்படையில்' அந்தச் செலவுகளை இரத்துச் செய்வதாகவும், அதற்கு ஈடான காசை விடுவிக்க வங்கிக்கு அறிவிப்பதாகவும் எழுதினார்கள். ஜெனி கடிதத்தை உரக்க வாசித்தார். சுதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆனால் வங்கி காசைத் திறக்கச் சில நாட்கள் எடுத்தது. அதற்குள் மாதம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் சொன்ன தவணை போய்விட்டது.

வீடு போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். சுதனும் அப்படித்தான் நினைத்து அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "வீடு உனக்குத்தான் வைச்சிருக்கிறன். ஜெகன் அண்ணை கடையிலை பிடிச்சு, இவன் என்ரை ஆள், காசு வரும், ஆருக்கும் குடுத்தியோ தெரியும் எண்டு சொன்னவர். அவரோடை ஆர் கொழுவுறது?" என்று வீட்டுக்காரர் சொன்னாராம். ஜெகனுக்கு விடயம் எப்படித் தெரிந்தது என்று சுதன் கேட்கவில்லை. கோப்பில் ஜெகனின் பெயர் இருந்ததால் ஜெனிதான் போய்க் கதைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. மரக்கறிக் கடையின் பின்பக்கம் கவிழ்த்த பெட்டியில் இருந்து சொன்ன ஒரு பெயர் ஒரு கோப்பிலும் பதியப்படுவதில்லை.

இப்போது இருக்கும் இளையவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். ஜெனி கேட்டது அதுதான். முதலில் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். செலவு விபரம் கேளுங்கள். கூடவே தரவுகளையும் கேளுங்கள், பிறகு என்று விடாதீர்கள். வந்ததில் பிழையை மட்டும் தேடாதீர்கள். அவர்களுக்கு எது எப்போது தெரிந்திருந்தது என்று பாருங்கள். கேட்பதை ஒரே வசனத்தில் கேளுங்கள். உங்கள் தபால்பெட்டியில் எவருடைய பெயராவது இருந்தால், கதவைத் தட்டியவர் யார் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். இவற்றில் இரண்டு என்னுடையவை. மற்றவை ஜெனியினதும் மதாமினதும்.

வீட்டுத் திறப்பு கைக்கு வந்த கிழமை ஒரு காலையில் சுதன் வந்தார். அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். என் மேசைக்கு முன்னால் இருந்தார். திறப்பை மேசையில் வைத்தார். மனைவியைக் கூப்பிடும் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும் என்றார். வேலைத்தலக் கடிதம், சம்பளத் துண்டுகள், கலியாணப் பதிவு எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தன. நான் லாச்சியைத் திறந்து அதற்குரிய படிவத்தை எடுத்தேன். அந்தப் படிவத்தில் எனக்குத் தெரியாத கட்டம் இல்லை.

"அண்ணை," என்றார் சுதன். "ஜெனி எத்தினை மணிக்கு வருவா?"

"பதினொரு மணி ஆகும். பாங்குக்குப் போட்டு வருவா."

"பறவாயில்லை. இருக்கிறன்."

படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். சுதன் அந்த நேரம் முழுவதும் என் மேசைக்கு முன்னாலேயே இருந்து கதைத்தார். மனைவியின் பெயர் தர்ஷினி. வவுனியாவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். குளிர் தாங்குவாரோ தெரியாது. முருங்கைக்காய் இல்லாமல் குழம்பு வைக்க மாட்டார். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றாக இருந்தது ஒரு மாதம் கூட இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் போனில் கதைத்தால் என்ன கதைப்பதென்று தெரியாமல் இருவரும் மழையைப் பற்றிக் கதைப்பார்களாம். "வந்த பிறகு என்ன கதைக்கிறது அண்ணை?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

படியில் ஜெனியின் சத்தம் கேட்டது. சுதன் எழும்பினார். திறப்பையும் உறையையும் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.